லோக்வேஷஸ் என்றால் வாயாடி

லோக்வேஷஸ் என்றால் வாயாடி, டாசிட்டர்ன் என்றால் உம்மணாமூஞ்சி, இரண்டு சீட்டும் வேர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன, வாயாடியும் உம்மணாமூஞ்சியும் ஒட்டிக்கொண்டால் கல்யாணம் என்று அர்த்தம், எங்கள் தெருவில் அப்படித்தான் நடக்கிறது, நகத்தால் பிரித்துத் திருப்பினால் லோக்வேஷஸின் முதுகில் யாரோ ஒரு குடும்பத் தலைவரின் காதும் கால்வாசி மீசையும். அம்மா வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் கோணலாக விழுந்த தாள்களையெல்லாம் நாலாகக் கிழித்து எனக்குக் கொண்டுவந்துவிடுவாள், வெள்ளைப் பக்கம் எனக்கு, கறுத்த பக்கம் கோவில்பட்டி ஜனங்களுக்கு, ஆக என் இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் ஊர்க்காரர்களின் அரை முகம், அரைப் பட்டா, சாதிச் சான்றிதழின் கோபுர முத்திரை இவற்றின் முதுகில் சவாரி செய்கின்றன, இன்று பஸ் ஏறிப் பாளையங்கோட்டை வரைக்கும் வந்து, காது மூக்கு தொண்டை டாக்டர் நல்லபெருமாளின் வாசல் ஹாலில் என் மடியில் உட்கார்ந்திருக்கின்றன. நான் டாசிட்டர்ன் இல்லை. டாசிட்டர்ன் இயல்பிலேயே பேசாதவர், நான் பேசக் கூடாதவள், அதற்கும் ஒரு வார்த்தை இல்லாமலா இருக்கும், இங்கிலீஷ்காரர்கள் மழைக்கு முந்தின வாசனைக்கே தனியாக வார்த்தை வைத்திருப்பார்கள் போல, ஒரு பெண்பிள்ளை வாயை மூடி வைத்திருப்பதற்கு வைக்காமல் விட்டிருப்பார்களா. தீபாவளி லீவு முடிந்ததிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. தும்மினேன், அது கணக்கில் வராது. குரல்நாணில் ரெண்டு பக்கமும் முடிச்சு மாதிரி வந்திருக்கு, கையில காய்ச்சுப் போகுதுல்ல, அந்தமாதிரின்னு வெச்சுக்கோங்க என்று போன தடவை டாக்டர் சொன்னார், பேசக் கூடாது, குசுகுசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் மோசம். அம்மா உடனே போட்டுக் கொடுத்தாள்: "இவ மிமிக்ரி பண்ணுவா சார். ஊருல ஒரு ஆளை விட்டுவைக்கிறதில்ல. தாலுகா ஆபீஸ் பியூன்ல இருந்து பால்காரர் வரைக்கும்." டாக்டர் பேனாவை மூடினார். மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஒரு பெருமூச்சு, அதற்குப் பிறகுதான் வார்த்தை வரும், நான் கவனித்து வைத்திருக்கிறேன். "அப்போ அதுதான் காரணம். அடுத்த தடவை பாக்கும்போது வத்தாம இருந்துச்சுன்னா மிமிக்ரிய மறந்துர வேண்டியதுதாம்மா. முழுசா." அந்த அடுத்த தடவை இன்றைக்கு.

மறந்துர வேண்டியதுதாம்மா. முழுசா. அந்த 'முழுசா'வில் ஒரு சின்ன மூக்குச் சத்தம் உண்டு, உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டேன், தொண்டை அசையவில்லை, சத்தியமாக அசையவில்லை. மிமிக்ரியை விடுவதென்றால் பால்காரரை விடுவது மட்டும் இல்லை, அது அம்மாவுக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. இந்தச் சீட்டுகள் எல்லாம் போய்விடும். ஒரு வார்த்தையை நான் எப்படி மனப்பாடம் பண்ணுகிறேன் என்பது யாருக்கும் தெரியாது, இஸ்மத்துக்கு மட்டும் தெரியும், அவள் என் பெஞ்ச்சில் பக்கத்து இடம். வெறும் வார்த்தை என் மண்டையில் நிற்காது, எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் மாதிரி துள்ளி ஓடிவிடும். ஒரு ஆளைப் பிடித்து, அவர் குரலில் அந்த வார்த்தையைச் சொல்லவைத்தால் ஆயுசுக்கும் நிற்கும். அப்ஸீக்வியஸ், கூழைக் கும்பிடு போடுகிற: தாலுகா ஆபீஸ் பியூன் சுடலைமுத்து, இடுப்பு தானாக வளையும் குரல், 'அய்யா வந்திருக்காக, அய்யா உக்காந்திருக்காக, அய்யா அப்ஸீக்வியஸ்யா.' மெல்லிஃப்ளூவஸ், தேன் ஒழுகுகிற: ரயில்வே ஸ்டேஷன் அக்கா, பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வண்டி மெல்லிஃப்ளூவஸாகத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. லுகூப்ரியஸ், அளவுக்கு மீறி அழுமூஞ்சியான: துட்டிச் சேதி சொல்லிக்கொண்டு தெருத்தெருவாக வரும் ஆட்டோ மைக், அன்னாரின் லுகூப்ரியஸ் இன்று மாலை நல்லடக்கம் செய்யப்படும் என்பதை. இதைச் சொல்லி இஸ்மத்தைச் சிரிக்க வைத்ததில் அவள் மூக்கு வழியாக ரஸ்னா வந்தது, அவளும் இப்போது லுகூப்ரியஸை மறக்க முடியாது, மூக்கு எரியும். லோக்வேஷஸ் என் அம்மா, அதைச் சொல்லவே வேண்டாம், பேர் பேச்சித்தாய், மகளுக்குப் பேச்சுத் தடை, சாமிக்கும் குறும்பு உண்டு. ஆனால் ஒன்று பார்த்தீர்களா, லோக்வேஷஸ் என்று சொன்னால் ஏதோ டிகிரி வாங்கின மாதிரி இருக்கிறது, வாயாடி என்றால் முதுகில் ஒரு அடி விழுகிற மாதிரி இருக்கிறது. ரெண்டும் ஒன்றுதானே. ரெண்டும் ஒன்றுதானா? அம்மாவிடம் போய் 'எம்மா நீ லோக்வேஷஸ்' என்றால் சந்தோஷப்பட்டுப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லுவாள்.

"பிள்ளைக்குக் காது கேக்காதோ?" என்று இந்தப் பக்கத்து நாற்காலித் தாத்தா ஹாலே அதிரக் கேட்கிறார், அவருக்குக் காதில் புது மிஷின், அதுவரைக்கும் ஊமையாக இருந்த உலகத்தைப் பழிவாங்குகிற மாதிரி கத்துகிறார். "அதெல்லாம் நல்லாக் கேக்கும். பேசத்தான் கூடாது" என்கிறாள் அம்மா. அவர் என் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து, விரலால் காற்றில் எழுதி, "எந்த... ஊரு... தாயி?" நான் கையால் பின்பக்கம் காட்டினேன், வடக்கே என்று அர்த்தம், அவர் பாத்ரூம் என்று நினைத்துக்கொண்டு வழி சொல்கிறார், வலது பக்கம் போய் இடது பக்கம் திரும்பணுமாம், அதையும் கையால். இந்த வாரங்களில் நான் கண்டுபிடித்தது இதுதான், ஒருத்தி பேசாவிட்டால் அவளுக்குக் காதும் இல்லை, கொஞ்சம் போனால் புத்தியும் இல்லை என்று ஜனங்கள் முடிவு பண்ணிவிடுகிறார்கள், எங்கள் பால்காரர் என்னைப் பார்த்தால் இப்போது 'ப்பே ப்பே' என்கிறார், நல்ல மனுஷன், நான் அவர் குரலில் அடுத்த வீட்டு வாசலில் 'பால்' என்று கத்தி அவர்களைச் சொம்போடு ஓடி வரவைத்தவள் என்று தெரியாது. பேசாமல் இருந்தால் இன்னொன்றும் நடக்கிறது, எல்லாரும் என்னிடம் எதையாவது கொட்டிவிட்டுப் போகிறார்கள், இஸ்மத் தன் அண்ணன் கல்யாணம் நின்றுபோனதைச் சொன்னாள், மாடி வீட்டு அக்கா தான் ஒருநாள் ஆற்றுப் பாலத்தில் போய் நின்றதைச் சொன்னாள், சொல்லிவிட்டு "நீ யார்ட்ட சொல்லப்போற" என்று சிரித்தாள். நான் தலையை ஆட்டினேன், அவளுக்கு அது போதுமாக இருந்தது. அம்மா மட்டும்தான் வேறு மாதிரி, நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள், கேள்வியும் அவளே பதிலும் அவளே, "இட்லி இன்னொண்ணு வெக்கவா, வேண்டாம்கியா, சரி சட்னியாவது தொட்டுக்கோ, ஆமா காரந்தான், நேத்தே சொன்னேன்லா." இப்போது தாத்தாவிடம் நான் கண்டக்டர் மாதிரி விசில் அடித்த கதையை ஆரம்பித்துவிட்டாள், விசில் மட்டும் இல்லை எம்மா, 'போலாம் ரைட்'டும் சேர்த்து, சாத்தூர் பஸ் ஸ்டாண்டில், கண்டக்டர் டீக்கடையில் கிளாஸைக் கையில் பிடித்து நிற்கும்போதே வண்டி கிளம்பி ரோட்டுக்கு வந்து, அவர் கிளாஸோடு ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது, ஒரு சொட்டு டீ சிந்தவில்லை. அதற்கு அப்ளாம் என்று பேர். கலவரத்தில் கலங்காத நிதானம். அந்தச் சீட்டு அடியில் எங்கேயோ இருக்கிறது, அதன் முதுகில் ஒரு பிறப்புச் சான்றிதழ்.

ஃபேன் இங்கே ஒரு இறக்கை சாய்ந்து சுற்றுகிறது, டக டக டக, மருந்து வாசனை, யாருடைய பிள்ளையோ உள்ளே கத்துகிறது, காதில் எறும்பாம், கத்துவதற்கு எப்படிப்பட்ட தொண்டை, வெண்ணெய் மாதிரி, ஒரு முடிச்சு இருக்காது. இனெஃபபிள். இந்தச் சீட்டு எப்போது வந்தாலும் மாட்டிக்கொள்கிறது. சொல்லால் சொல்ல முடியாத. அதையும் ஒரு சொல்லாக வைத்திருக்கிறார்களே, எவ்வளவு தைரியம். இதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை, யார் குரலில் சொன்னாலும் அவர் சொல்லிவிடுகிறாரே, சொல்லிவிட்டால் அது இனெஃபபிள் இல்லையே. சுடலைமுத்து சொன்னால் அய்யாவைப் பற்றியதாகிவிடும். பி.டி. சார் சொன்னால் கிரவுண்டை ரெண்டு தடவை சுற்று என்று ஆகிவிடும். இனெஃபபிள், இனெஃபபிள், நாலைந்து தடவை சொன்னால் வார்த்தை தோல் உரிந்து வெறும் சத்தமாகிவிடுகிறது, எல்லா வார்த்தையும் அப்படித்தான், அம்மா என்பதைக்கூட ஐம்பது தடவை சொன்னால் மாடு கத்துவது போல் ஆகிவிடும். சரி, உள்ளே இப்போது இனெஃபபிள் என்று சொன்னது யார்? இது நேற்று பிடித்த கிறுக்கு. வாய் மூடியிருக்கும்போது மண்டைக்குள் ஓடுகிறதே இந்தப் பேச்சு, இது யாருடைய குரல், ஆணா பெண்ணா, கரகரப்பா, மூக்கடைப்பா, பிடிக்கலாம் என்று திரும்பினால் சட்டென்று ரயில்வே அக்காவாக மாறிவிடுகிறது, இல்லாவிட்டால் சுடலைமுத்துவாக. இரவல் குரலையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினால் உள்ளே ஆள் இருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை. அது பயமாக இருக்கிறதா? கொஞ்சம். பயத்தைவிட அரிப்பு அதிகம், யார் என்று தெரிந்தாக வேண்டும் என்கிற அரிப்பு. இன்னொரு பயம் இதைவிடப் பெரிது, நேற்று சாயங்காலம் சுடலைமுத்துவைக் கூப்பிட்டேன், உள்ளுக்குள்தான், வரவில்லை. வந்தார், ஆனால் 'வந்திருக்காக'வில் அந்த வளைவு இல்லை, யாரோ ஒரு பொதுவான கிழவர் மாதிரி வந்தார். வாயால் சொல்லிப் பார்க்காமல் விட்டால் குரல்கள் பழைய ஜெராக்ஸ் மாதிரி வெளுத்துப் போகின்றன. வெளுத்தால் வார்த்தையும் சேர்ந்து போகும். அப்ஸீக்வியஸ் என்றால் என்ன என்று ஒரு கணம் தெரியவில்லை எனக்கு, தெரியவில்லை, எனக்கு, கிளாஸில் வாத்தியார்களே அர்த்தம் கேட்கிற எனக்கு. அம்மா பாட்டிலைத் திறந்து நீட்டுகிறாள்: "என்னட்டி இப்படி வெளிறிப்போயி உக்காந்திருக்க, தண்ணி குடிக்கியா, இந்தா, மெதுவா." தண்ணீர் இறங்கும்போது முடிச்சில் தட்டுகிறதா என்று பார்க்கிறேன். தட்டவில்லை. தட்டினால் தெரியுமா?

"செண்பகவல்லி, கோவில்பட்டி" என்று வாசல் அக்கா கூப்பிடுகிறாள், ஒவ்வொரு பேரையும் முடிக்கும்போது கேள்வி மாதிரி தூக்குவாள், செண்பகவல்லீ? கோவில்பட்டீ?, நான் எழுந்திருக்கும்போதே அதை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறேன், இனிமேல் எதற்கு என்று தெரியாமலே. சீட்டுகளை அம்மா பைக்குள் போட்டுவிட்டாள். உள்ளே டாக்டர் நல்லபெருமாள், பேனா டக், பெருமூச்சு, "வாங்க. பேசாம இருந்தாளா?" அம்மா: "ஒரு வார்த்தை பேசல சார், எனக்கே வீடு வீடா இல்ல." மூக்கில் ஏதோ மருந்தை அடித்தார், கசப்பு தொண்டைக்கு இறங்கி நாக்கின் அடி மரத்துப்போனது, பிறகு கறுப்புப் பாம்புக்குட்டி மாதிரி ஒரு குழாய், நுனியில் வெளிச்சம், மூக்கு வழியாக உள்ளே. கண்ணில் தண்ணீர் வந்தது. "மூச்சு இழு. அங்க ஸ்கிரீனைப் பாரு. அதுதான் நீ." முதலில் இளஞ்சிவப்பாக ஒரு குகை, ஈரம், எச்சில் மின்னியது, அதற்குள்ளே, கடவுளே, ரெண்டு வெள்ளைக் கோடு, பனங்கிழங்கின் குருத்து மாதிரி, மேலே சேர்ந்து கீழே விரிந்து, மூச்சு விட்டால் அகலுகிறது, மூச்சு நின்றால் நெருங்குகிறது. இவ்வளவுதானா? சுடலைமுத்து, ரயில்வே அக்கா, பி.டி. சார், துட்டி ஆட்டோ, எங்கள் தெருவே இந்த ரெண்டு நூலிலா குடியிருந்தது? கையைத் தூக்கி வணக்கம் சொல்லலாம் போல் இருந்தது. "வத்தியிருக்கு" என்றார் டாக்டர், குரலில் ஒரு ஆச்சரியம், "நல்லா வத்தியிருக்கு. லேசா தடிப்பு இருக்கு, அவ்வளவுதான். இப்போ ஆ சொல்லு." அத்தனை நாளைக்குப் பிறகு. எந்தக் குரலில் சொல்வது என்று யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது: "ஆ." டாக்டரின் ஆ. அச்சு அசலாக, அந்த மூக்குச் சத்தத்தோடு. அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள், "பாத்தீங்களா சார், பாத்தீங்களா, வாயத் தொறந்ததும்." நான் செத்தேன் என்று நினைத்தேன். டாக்டர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரு இரு" என்கிறார், "இதுல ஒண்ணும் மோதலையே. பாரு, ரெண்டும் பூ மாதிரி தொட்டுட்டுப் போகுது." குழாயை லேசாகத் திருப்புகிறார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார், அவர் முகத்தில் இப்போது டாக்டர் இல்லை, பம்பரம் வாங்க வந்த ஆள் மாதிரி ஒரு ஆசை. "வேற யாரெல்லாம் பண்ணுவ? ஒவ்வொண்ணாப் பண்ணு. மெதுவா. கத்தாம. எந்த ஆளு உன் தொண்டையக் கெடுக்கான்னு பாத்துருவோம்." இப்படி ஒரு உத்தரவு என் வாழ்க்கையில் எனக்கு யாரும் போட்டதில்லை. சுடலைமுத்துவைக் கூப்பிட்டேன், வந்தார், வளைவோடு வந்தார், அய்யா வந்திருக்காக, அப்ஸீக்வியஸ் என்றால் கூழைக் கும்பிடு, கூழைக் கும்பிடு, போகவில்லை, ஒன்றும் போகவில்லை. "ம். நல்லவரு. அடுத்து." ரயில்வே அக்கா. "அடடா. இந்தம்மா தொண்டைக்கு மருந்து மாதிரி. அடுத்து." பால்காரர், துட்டி ஆட்டோ, வாசல் அக்காவின் கோவில்பட்டீ?, வெளியே அவள் திரும்பிப் பார்க்கிற சத்தம் கேட்டது, நாற்காலி கிரீச். அம்மாவைப் பண்ணு என்றார், பண்ணினேன், இட்லி இன்னொண்ணு வெக்கவா வேண்டாம்கியா, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு "நான் இப்படியா பேசுதேன்?" என்றாள். ஸ்கிரீனில் வெள்ளைக் கோடுகள் வந்து வந்து தொட்டு விலகின, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு வேகம், ஒருத்தரும் கெடுதல் பண்ணவில்லை, எல்லாரும் நல்ல வாடகைக்காரர்கள். "அப்போ யாருதான்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார் டாக்டர். பிறகு, "சரி, போதும் விளையாட்டு. நீ பேசு. உம் பேரு, படிக்கிற கிளாஸ், ஸ்கூல்ல இருந்து வீட்டுக்கு எப்படிப் போவ, சாதாரணமா சொல்லு." நான் சாதாரணமாகச் சொன்னேன். "எம்பேரு செண்பகவல்லி. பதினொண்ணாங்கிளாஸ்." குகை சுருங்கியது. ரெண்டு பக்கத்திலிருந்தும் சிவப்புச் சதை நெருக்கிக்கொண்டு வந்தது, கூட்டமான பஸ்ஸில் ஆட்கள் நசுக்குகிற மாதிரி, நடுவில் வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன, தடிப்பு இருந்த அதே இடத்தில், அதே இடத்தில். டாக்டர் 'நிறுத்து' என்று கையைக் காட்டினார். "நான் சொன்னது தப்பு" என்றார், அம்மாவைப் பார்த்து. "மிமிக்ரி இல்ல. இவ சொந்தக் குரல்தான்."

சொந்தக் குரலா? அது எப்படிச் சொந்தக் குரல் கெடுக்கும், மீனுக்குத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்கிற மாதிரி. "தொண்டையை இறுக்கி, கீழ அமுக்கிப் பேசுதா. இது இவ குரல்நாணுக்கு ஏத்த குரலே இல்லம்மா. சின்னப் பிள்ளையில இருந்தே இப்படியா?" நான் ஆமாம் என்று தலையாட்டப் போனேன், மூக்கில் குழாய், ஆட்ட முடியவில்லை, அதற்குள் அம்மா: "இல்ல சார். அஞ்சாப்பு வரைக்கும் இப்படி இல்ல. ஆறாப்புல தமிழ் மீடியத்துல இருந்து இங்கிலீஷ் மீடியத்துல கொண்டு சேத்தோம். பொறவுதான் தொண்டை கட்டுன மாதிரி ஆச்சு. வயசுக்கு வாற காலம்லா, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்." இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன், திறந்தபடியே நிற்கிறது, ஏனென்றால் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு கதவைத் திறந்துகொண்டு வருகிறது, புது சாக்பீஸ், புது ஷூ கடித்த குதிகால், முதல் பெஞ்ச்சில் ரோஷ்னி. கிளாஸ் லீடர். இங்கிலீஷைத் தொண்டைக்கு அடியில் வைத்துப் பேசுவாள், கனமாக, அவசரமே இல்லாமல், எக்ஸ்க்யூஸ் மி மிஸ் என்று அவள் சொன்னால் டீச்சர் எழுந்து நின்றுவிடுவாரோ என்று இருக்கும். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. எனக்கு அவளைத் தெரிந்தது. அவள் குரலில் 'யெஸ் மிஸ்' சொன்னேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதுபோதும் என்று அதை வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போனேன், சாப்பிட்டேன், சண்டை போட்டேன், கழற்ற மறந்துவிட்டேன். ரோஷ்னி எட்டாம் வகுப்பில் கோயம்புத்தூர் போய்விட்டாள். அவள் குரல் என் கழுத்தில் இருக்கிறது. என் முதல் மிமிக்ரி, இத்தனை வருஷமாக ஒரு ஆள் கண்டுபிடிக்கவில்லை, நானே கண்டுபிடிக்கவில்லை, ஐயோ, இதைவிடப் பெரிய விளையாட்டை நான் யாரிடமும் விளையாடினதில்லை, சிரிப்பு வருகிறது, குழாய் ஆடுகிறது, "ஆடாத, ஆடாத" என்கிறார் டாக்டர். பிறகு சிரிப்பு பாதியில் நிற்கிறது. அப்படியென்றால் அதற்கு முந்தினது எங்கே? "அதுக்கு முன்னாடி எப்படிப் பேசுவியோ, அதுல பேசு" என்கிறார் அவரும். தேடுகிறேன். ஊரில் உள்ள எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள், அந்தப் பிள்ளை மட்டும் இல்லை. நான் அவளைக் கேட்டதே இல்லை, உள்ளே இருந்தவள் எப்படிக் கேட்டிருப்பேன். கையை விரித்துக் காட்டினேன், தெரியாது.

"எனக்குத் தெரியும்" என்கிறாள் அம்மா. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், சுவரைப் பார்த்தாள், வெட்கப்பட்டாள், என் அம்மா வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. பிறகு அவள் தோள் சின்னதாகிறது, நாடி, முகவாய்க்கட்டை, மேலே தூக்குகிறது, ஜெராக்ஸ் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகின அந்த வாயிலிருந்து வேறு எதுவோ வருகிறது, மேலே, மெல்லிசாக, ஒவ்வொரு சொல்லின் முனையிலும் லேசாக மூச்சு நின்று, அடுத்ததைத் தொடுவதற்கு முன்னால் எட்டிப் பார்க்கிற மாதிரி: "எம்மா, பிகாஸ்னா என்னம்மா?" உடனே தன் குரலுக்குத் திரும்பிவிட்டாள்: "வாசல் நடையில உக்காந்து கேட்டா சார், ஆறாப்பு சேந்த அன்னைக்குச் சாயங்காலம். எனக்கும் தெரியல. நாளைக்குக் கேட்டுட்டு வான்னு சொன்னேன். பொறவு எங்கிட்ட அர்த்தமே கேக்கல." இவளுக்கு இது வரும் என்று எனக்குத் தெரியாது, இத்தனை நாளும் இதை எங்கே வைத்திருந்தாள், யாருக்கும் செய்துகாட்டாமல், வெளுக்காமல், அந்த மூச்சு நிற்பதுகூட அப்படியே. விரலைக் காட்டுகிறேன், இன்னொரு தடவை. சொல்கிறாள். எந்த ஆளைப் பிடிப்பதானாலும் நான் அப்படித்தான், முதலில் நாடியைப் பார்ப்பேன், பிறகு மூச்சை, பிறகுதான் சத்தத்தை. யார் இந்தப் பிள்ளை? பயப்படுகிறாளா? இல்லை, தெரியாததைப் பற்றி அவளுக்கு வெட்கமே இல்லை, தெரியாதது அவளுக்குத் தின்பண்டம் மாதிரி இருக்கிறது, பல் தெரியக் கேட்கிறாள். நாடியைத் தூக்கினேன். ஸ்கிரீனில் ரெண்டு வெள்ளைக் கோடும் விலகி நின்று காத்திருக்கின்றன, டாக்டர் மூச்சைப் பிடித்திருக்கிறார். "எம்மா" என்றேன், "பிகாஸ்னா என்னம்மா?" தொட்டன. பட்டும் படாமலும். டாக்டர் வாய் திறப்பதற்குள் அம்மா கையை நீட்டித் தடுத்துவிட்டாள், தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, கடையில் தாளை வெளிச்சத்தில் பிடித்து எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி என்னைப் பார்க்கிறாள்.

"இல்லட்டி" என்கிறாள், "அவ இப்படிப் பேசமாட்டா. இன்னும் கொஞ்சம் மேல. இன்னொரு தடவ சொல்லு."